நிலநடுக்கோட்டில் பெங்குயின்: எரிமலைத் தீவுகளில் ஒரு பகல்

பெங்குயின் பறவை வாழும் இடம் யாது என்று வகுப்பிலே வினவினால், பனிக்கட்டி மூடிய தென்துருவம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் விடையிறுப்பர். அவ்விடை தவறன்று, ஆயின் முழுமையானதும் அன்று. வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டிலே, கருகிய எரிமலைப் பாறை ஒன்றன்மீது, முழ உயரமே உள்ள பெங்குயின் ஒன்று நின்றுகொண்டு, தன் பாதங்களில் வெயில் படாதபடி துடுப்புச் சிறகுகளைக் குடைபோல் விரித்துப் பிடித்து, மூச்சிரைத்துக் கொண்டிருக்கும் காட்சியும் இவ்வுலகில் உண்டு. குளிர்நாட்டுப் பறவைக்கு வெயில்நாட்டில் என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் மாக்கடலில் கிடக்கும் காலாப்பாகோஸ் தீவுகளில் ஒரு பகற்பொழுதைக் கழித்தல் வேண்டும்.

இத்தீவுக் கூட்டம் எக்குவடோர் நாட்டுக்கு உரியது. 1832ஆம் ஆண்டில் அந்நாட்டோடு சேர்க்கப்பட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவு. தரைத்தொடர்பு என்றுமே இருந்ததில்லை. ஒவ்வொரு தீவும் கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி மேலெழுந்து ஆனதே. 1535ஆம் ஆண்டில் பனாமாவின் பேராயர் தோமாஸ் தே பெர்லாங்கா என்பார் பெரு நாட்டுக்குப் பயணப்பட்ட கப்பல், காற்றில்லாமல் நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்தது. குடிநீர் கிடைக்காமல் கப்பலில் வந்தோர் கள்ளி மடல்களை மென்று சாற்றைக் குடித்தனர் என்றும், இங்குள்ள பறவைகள் மனிதரைக் கண்டு பறந்தோட அறியாதவை என்றும் அவர் தம் அரசருக்கு எழுதினார். பெரிய ஆமைகள் மிகுந்திருந்தமையால், ஆமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே பின்னர்த் தீவுகளுக்குப் பெயராயிற்று.

இன்று இங்கு வருவோர் தாகத்தால் வாடுவதில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கப்பலிலேயே உண்டு உறங்கி, இரவில் தீவுக்குத் தீவு கடந்து, பகலில் இறங்கிப் பார்க்கின்றனர். கப்பல் என்றால் கடலில் மிதக்கும் மாளிகை என்று எண்ணிவிடலாகாது. நூறு பேருக்குமேல் ஏற்றும் கப்பல் உல்லாசச் சுற்றுலாவுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. பதினாறு பேரை ஏற்றும் சிறு கலங்களே மிகுதி. அத்தகைய ஒரு கலம் மேற்குத் தீவுகளான பெர்னாந்தினா, இசபெலா ஆகிய இரண்டையும் ஒரே நாளில் காட்டும். கொலம்பசை அனுப்பிய ஸ்பானிய அரசர் பெர்டினாந்து, அரசி இசபெல்லா ஆகியோரின் பெயரைத் தாங்கிய இவ்விரு தீவுகளுக்கும் இடையில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு கடற்கால் ஓடுகிறது. பொலிவார் கால்வாய் என்பது அதன் பெயர். இக்கட்டுரையில் கூறப்படுவனவெல்லாம் அந்தக் கடற்காலின் இரு கரையிலும் நிகழ்வனவே.

கரை இறங்குமுன்

விடிந்ததும் சிறு ரப்பர்ப் படகில் பயணிகள் பெர்னாந்தினாவின் எஸ்பினோசா முனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் செல்லாமல் எவரும் கரையில் கால் வைத்தல் இயலாது. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேர். முந்திய தீவில் காலணியில் ஒட்டிய மணலும் விதையும் கழுவப்பட்டிருத்தல் வேண்டும். தின்பண்டம் எடுத்துச் செல்லலாகாது. குறித்த பாதையை விட்டு விலகலாகாது. விலங்கிற்கும் மனிதர்க்கும் இடையே இரண்டு மீட்டர் இருத்தல் வேண்டும். இக்கட்டுப்பாடுகளைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. விருந்தினருக்கு இத்தனை விதியா என்று தோன்றலாம். காரணம் மாலையில் எதிர்க்கரையில் விளங்கும்.

பெர்னாந்தினா இக்கூட்டத்தில் மிக இளைய தீவு. அதன் நடுவில் 1476 மீட்டர் உயரமுள்ள லா கும்ப்ரே என்னும் எரிமலை நிற்கிறது. அதுவே தீவு, தீவே அது என்று சொல்லிவிடலாம். 1968ஆம் ஆண்டில் அதன் வாய்த்தளம் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்துக்கு இடிந்து உட்புகுந்தது. 2017, 2018, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அம்மலை குழம்பைக் கக்கியது. 2024 மார்ச்சில் தொடங்கிய கொந்தளிப்பில் குழம்பு கடல் வரை இறங்கி வந்து, நீரில் விழுந்து ஆவியைக் கிளப்பிற்று.

மேற்கே இளைய தீவும் கிழக்கே முதிய தீவும் இருப்பதற்குக் காரணம் என்ன? பூமியின் அடியில் ஓரிடத்தில் வெப்பம் நிலையாகக் குவிந்து நிற்கிறது. அதன்மேல் கடற்றளமாகிய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகர்கிறது. எரியும் மெழுகுவத்திக்கு மேலே ஒரு தாளைப் பிடித்து மெல்ல இழுத்தால், தாளில் வரிசையாகக் கருகல் புள்ளிகள் தோன்றும். கடைசியாகத் தோன்றிய புள்ளியே சுடருக்கு நேராக இருக்கும். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே, அருகில் ஒரு வாளி நீரும் வைத்துக்கொண்டு, செய்து காட்டலாம். பெர்னாந்தினா சுடருக்கு அருகிலுள்ள புள்ளி. கிழக்கேயுள்ள எஸ்பானியோலா முதலிய தீவுகள் சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே சுடரைவிட்டு விலகிப்போன புள்ளிகள். அவை தேய்ந்து, தாழ்ந்து, ஒருநாள் கடலுள் மறையும்.

படகிலிருந்து இறங்கியவர் காலடியில் காண்பது மண் அன்று. கயிறு திரித்தாற்போல் மடிப்பு மடிப்பாக உறைந்த கரும்பாறை ஓரிடம். உடைந்த செங்கற் குவியல்போல் கூர்கூராய்க் கிடக்கும் பாறை வேறோரிடம். இரண்டும் ஒரே குழம்பின் இரு உறைவு நிலைகளே. ஹவாய்த் தீவினர் முன்னதைப் பாஹோயிஹோயி என்றும் பின்னதை ஆஆ என்றும் அழைத்தனர். உலக நிலநூலார் அப்பெயர்களையே ஏற்றுக்கொண்டனர். இப்பாறையின் வெடிப்பில் ஒரு சாண் இரண்டு சாண் உயரமுள்ள கள்ளி கொத்தாக முளைத்திருக்கிறது. குளிர்ந்த குழம்பில் முதலில் குடியேறுவனவற்றுள் அது ஒன்று. நீரோரத்தில் கண்டல் மரங்கள் வேரூன்றியுள்ளன. மற்றபடி எங்கும் கறுப்பு. அக்கறுப்பில் ஒரு பகுதி அசைகிறது.

கடலோணான்

அசைந்தது பாறையன்று, நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் கடல் இகுவானாக்களே. இவற்றைத் தமிழில் கடலுடும்பு என்று எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. உடும்பு வேறு குடும்பம். இகுவானாவோ, வேலியில் தலையாட்டும் நம் ஓணானுக்கே நெருங்கிய உறவு. தலையாட்டும் வழக்கமும் இதற்கு உண்டு. ஆதலின் கடலோணான் என்பதே தகும்.

உலகிலுள்ள பல்லோந்தி இனங்களுள் கடலில் இறங்கி இரை தேடுவது இஃது ஒன்றே. அந்த இரையும் மீன் அன்று. பாறையில் படர்ந்த பாசி. பெட்டைகளும் சிறியனவும் நீர் வற்றும் நேரத்தில் வெளிப்படும் பாறைகளில் மேய்ந்து திரும்பிவிடும். பெரிய ஆண்களே அலையைத் தாண்டி மூழ்கி, நகத்தால் அடிப்பாறையைப் பற்றிக்கொண்டு, மழுங்கிய மூக்கைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பாசியைச் சுரண்டித் தின்னும். கடல் நீர் குளிர்ந்தது. ஓணானுக்கோ தன் உடலைத் தானே சூடாக்கும் ஆற்றல் இல்லை. எனவே நீரில் நெடுநேரம் தங்கினால் கைகால் விறைத்து, கரையேறவும் வலிமையற்றுப் போகும். மேய்ந்ததும் ஓடிவந்து வெயிலில் கிடக்க வேண்டும். உடல் கறுத்திருப்பதும், ஒன்றன்மேல் ஒன்று படுப்பதும் சூட்டைப் பெறவும் பெற்றதை இழவாதிருக்கவும் துணை செய்கின்றன. பாசியோடு உட்சென்ற உப்பை மூக்கருகேயுள்ள சுரப்பிகள் பிரித்தெடுக்க, அது தும்மலாகப் பீறிட்டு வெளிவருகிறது. அந்த உப்பு நீர் தலைமேலேயே விழுந்து காய்ந்து, வெள்ளைத் தொப்பி அணிந்தாற்போல் காட்டும். பயணிகள் முதலில் திடுக்கிடுவது இத்தும்மலுக்கே.

1835ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்கு வந்த சார்லஸ் டார்வினுக்கு இவற்றின் உருவம் பிடிக்கவில்லை. அருவருப்பானது என்றே எழுதினார். ஆயினும் ஒன்றைப் பிடித்து நீருள் எறிந்து பார்த்தார். அது நேராக நீந்திவந்து அவர் நின்ற இடத்திலேயே கரையேறிற்று. மீண்டும் எறிந்தார், மீண்டும் வந்தது. அச்சமுற்ற விலங்கு, தன்னை எறிந்தவரிடமே திரும்பி வருவது ஏன்? கடலில் சுறாவுண்டு, கரையில் பகையில்லை. ஆதலால் கரையே அடைக்கலம் என்னும் உணர்வு பரம்பரையாக ஊறியிருக்கிறது என்று அவர் கருதினார். கரையிற் பகை அறவே இல்லை என்பதும் சரியன்று. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளைப் பாம்புகள் துரத்திப் பிடிக்கும். தலைக்குமேலே காலாப்பாகோஸ் பருந்து காத்திருக்கும். ஆயினும் வளர்ந்த ஓணானுக்கு அச்சம் குறைவே. அதன் தலைமேல் ஏறி நின்று சிறு பல்லி ஒன்று ஈ பிடித்துத் தின்றாலும் அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

இவ்வினத்தின் வியப்புக்குரிய பண்பு இனித்தான் உளது. சில ஆண்டுகளில் இக்கடல் வெப்பமடைந்து பாசி அழிந்துபோகும். அத்தகைய பஞ்சத்தில் கடலோணானின் உடல் மெலிவது மட்டுமன்று, நீளமே குறைகிறது. ஐந்தில் ஒரு பங்குவரை குறுகிப்போனவை அளந்தறியப்பட்டு, அவ்வாராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சதையும் இணைப்புத் திசுவும் மட்டும் வற்றினால் இவ்வளவு குறையாது. எலும்பும் சுருங்குகிறது என்பது ஆய்ந்தவர் கருத்து. பஞ்சம் நீங்கியபின் அவை மீண்டும் நீளுகின்றன. குறுகியவை மிகுதியாகப் பிழைக்கின்றன. பேருடல் படைத்தவை முதலில் மடிகின்றன. ஏனெனில் சிறு வயிற்றுக்குச் சிறிது பாசி போதும்.

நம் பாடங்களில் ‘வலியது வாழும்’ என்னும் தொடர் அடிக்கடி ஆளப்படுவதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஸ்பென்சர் என்னும் அறிஞர் 1864இல் ஆண்ட தொடரின் மொழிபெயர்ப்பு அது. மூலத்தில் உள்ள சொல்லின் பொருள் ‘வலியது’ என்பதன்று, ‘பொருந்தியது’ என்பதே. வலிமையே பிழைப்பைத் தருமாயின் பஞ்சத்தில் பெரிய ஆண் ஓணான்கள் எஞ்சியிருக்க வேண்டும். அவையோ பாறையில் எலும்பாய்க் கிடக்கின்றன. ‘ஏற்றது எஞ்சும்’ என்று கற்பித்தால் பிழையில்லை.

பறக்க மறந்த நீர்க்காகம்

முனையின் விளிம்பில், அலைத்திவலை படும் இடத்தில், காய்ந்த கடற்பாசியை வட்டமாகக் குவித்துக் கட்டிய கூடுகள் காணப்படுகின்றன. அவற்றில் அமர்ந்திருப்பது நீர்க்காகம். குளங்களிலும் ஆற்றங்கரைகளிலும் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தைக் கண்டவர் பலர் இருப்பர். இங்குள்ளதும் அவ்வாறே கரையேறிச் சிறகை விரிக்கிறது. ஆனால் விரிந்தது சிறகா, கிழிந்த கந்தையா என்று ஐயுறும்படி உள்ளது. அவ்வுடலைத் தூக்கிப் பறப்பதற்கு வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே அச்சிறகு. நீர்க்காக இனங்களுள் பறவாதது உலகில் இஃது ஒன்றுதான். பெர்னாந்தினாவின் கரையிலும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் அன்றி வேறெங்கும் இல்லை. அறிவியல் உலகம் இதற்குப் பெயரிட்டதே 1898ஆம் ஆண்டில்தான். டார்வின் இதைக் கண்டாரல்லர்.

சிறகைப் பயன்படுத்தாமையால் சிறுத்துப் போயிற்று என்று சொல்லிவிடுவது எளிது. மாணவர்க்கும் அது உடனே மனத்திற் பதியும். ஆயினும் அது பிழை. கைத்தொழிலாளி ஒருவன் தன் கையை ஆயுள் முழுதும் கட்டிவைத்தாலும், அவன் பிள்ளை குறுங்கையோடு பிறப்பதில்லை. நிகழ்ந்தது வேறு. பறந்து தப்ப வேண்டிய பகைவிலங்கு இத்தீவில் இல்லை; இரையோ கரைக்கு அருகிலேயே கடலடியில் நிரம்பக் கிடக்கிறது. இந்நிலையில், பிறவியிலேயே சற்றுச் சிறகு குறைந்த பறவைக்கு நட்டமில்லை. உடல் கனத்து, கால் வலுத்து, ஆழ மூழ்க வல்லதாயின் ஆதாயமே. அத்தகையவை மிகுதியாகக் குஞ்சு பொரித்தன. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நிகழ, இன்றைய பறவை உருவாயிற்று. சிறகெலும்பின் வளர்ச்சியைத் தூண்டும் சில மரபணுக்களில் ஏற்பட்ட மாற்றங்களை 2017ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்து வெளியிட்டனர்.

ஆண் பறவை கடலிலிருந்து திரும்பும்போது வெறுவாயோடு வருவதில்லை. பாசிக்கொத்து ஒன்றைக் கொண்டுவந்து கூட்டிலுள்ள துணையிடம் கொடுக்கும். அது வாங்கிக் கூட்டில் செருகிக்கொள்ளும். இல்லறம் எவ்வளவு சீராக நடக்கிறது என்று பயணிகள் மகிழ்வர். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெட்டை அதை ஆணிடமே விட்டுவிட்டு, வேறோர் ஆணோடு கூடி மறுபடியும் முட்டையிடச் சென்றுவிடுவதும் உண்டு என்பதை வழிகாட்டி கூறும்போது, அம்மகிழ்ச்சி சிறிது குறைவதும் இயல்பே. இரை மிகுந்த காலத்தில் ஓரிரு குஞ்சு கூடுதலாகத் தேற இவ்வழக்கம் உதவுகிறது. மனித அறத்தைக் கொண்டு பறவையை அளப்பதற்கில்லை.

வெப்பக் கடலில் குளிர்நீர்

நண்பகலில் பயணிகள் மூச்சுக் குழாயும் கண்ணாடியும் அணிந்து கடலில் இறங்குவர். நிலநடுக்கோட்டுக் கடல் என்று நம்பிக் குதித்தவர் கூச்சலிடுவர். நீர் அவ்வளவு குளிர்ந்திருக்கும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவின் விடை இக்குளிரில்தான் உள்ளது.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. பெங்குயினின் முன்னோர் அதன்வழியாகவே வந்தனவாதல் வேண்டும். பெரு, சிலி நாட்டுக் கரைகளில் வாழும் ஹம்போல்ட் பெங்குயின் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் வந்தவை இங்கே நிலைத்தது மற்றொரு நீரோட்டத்தால். நிலநடுக்கோட்டில் மேற்பரப்பு நீரைக் காற்று மேற்கு நோக்கித் தள்ளுகிறது. அதன் அடியிலோ, அதற்கு நேரெதிராக, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஆறு ஓடுகிறது. கடலுக்குள் ஓடும் அவ்வாற்றை 1952ஆம் ஆண்டில் கண்டு அளந்தவர் டவுன்செண்ட் குரோம்வெல் என்னும் அமெரிக்கர். அவர் 1958இல் விமான விபத்தில் மாண்டபின் அவர் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. பெருங்கடலின் குறுக்கே தடையின்றி வரும் அந்நீர், பெர்னாந்தினா, இசபெலா ஆகியவற்றின் செங்குத்தான அடிவாரத்தில் மோதி மேலே எழுகிறது. அடிக்கடலின் குளிரோடு உரச்சத்தும் உடன் வருகிறது. அச்சத்தில் நுண்பாசி செழிக்க, நுண்பாசியை உண்டு சிறு மீன் பெருக, சிறு மீனை உண்டு பெங்குயினும், அடித்தரை மீனை உண்டு நீர்க்காகமும், பாறைப்பாசியை உண்டு ஓணானும் வாழ்கின்றன. கடற்சிங்கமும் பச்சைக் கடலாமையும் இந்த விருந்துக்கு வந்தவையே. கடற்காலில் அவ்வப்போது திமிங்கிலம் மூச்செறிவதும் அதனால்தான்.

காற்று சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே திரும்பும். கீழ்நீர் மேலெழுவது குன்றும். கிறிஸ்துமசுக் காலத்தையொட்டி இவ்வெப்பத்தைக் கண்ட பெரு நாட்டு மீனவர் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்றனர். பெயர் இனிது, செயல் கொடிது. 1982, 83ஆம் ஆண்டுகளின் எல் நினோவில் காலாப்பாகோஸ் பெங்குயின்களில் நூற்றுக்கு 77 அழிந்தன. நீர்க்காகம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1997, 98இல் மீண்டும் அடி விழுந்தது. பெங்குயின் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெங்குயின் 1,940, நீர்க்காகம் 2,220 என்று எண்ணப்பட்டன. மாதிரிக்கு எண்ணியதன்று; ஏறத்தாழ உலகிலுள்ள மொத்தமே அவ்வளவுதான். நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றில் காலைக் கூட்டத்திற்கு நிற்கும் பிள்ளைகளின் தொகை.

எதிர்க்கரையில்

பிற்பகலில் கப்பல் கடற்காலைக் கடந்து இசபெலாவின் தாகுஸ் துறையில் நங்கூரமிடுகிறது. இசபெலா மற்றத் தீவுகள் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தாலும் அவற்றைவிடப் பெரியது. ஆறு எரிமலைகள் உருகி ஒட்டிக்கொண்டு ஆனது. துறையின் செங்குத்தான பாறைச் சுவரில் பழைய கப்பல்களின் பெயர்கள் தீட்டப்பட்டும் செதுக்கப்பட்டும் உள்ளன. அவற்றுள் ஒன்று 1836ஆம் ஆண்டினது. இன்று பெயரெழுதினால் தண்டனை உண்டு. சுவரடியில் படகு மெல்லச் செல்கையில், நீர்மட்டத்துப் பாறைத் தட்டில் அந்தப் பெங்குயின் நிற்கிறது. அருகில் நீலக்கால் பூபிப் பறவைகள், செங்குருதி நிறத்து நண்டுகள். பெங்குயின் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நீருள் பாய்கிறது. பாய்ந்தபின் அதன் வேகத்தைக் கண்ணால் தொடர இயலாது.

மேலே ஏறினால் ஓர் எரிமலை வாயில் தேங்கிய ஏரி தெரிகிறது. டார்வின் ஏரி என்பர். நீர் கடலைவிட உப்பு. 1835 அக்டோபர் முதல் நாள் பீகிள் கப்பல் இக்கரையை அடுத்து நின்றது. அன்று வெயிலில் அலைந்து நாவறண்ட டார்வின், இவ்வட்டாரத்து எரிமலைவாய் ஒன்றில் தெளிந்த நீலநீரைக் கண்டு, சாம்பற் சரிவில் ஓடி இறங்கி ஆவலோடு வாயில் வைத்தார்; உப்பு கரித்தது.

டார்வின் இத்தீவுகளில் குருவிகளின் அலகைக் கண்டார், உடனே கூர்தலறக் கொள்கை அவர் உள்ளத்தில் உதித்தது என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. நடந்தது அதுவன்று. அவர் தங்கியது ஐந்து வாரம். தரையில் கால் வைத்தது அதனினும் குறைவு. இறங்கிய தீவுகள் நான்கே. ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எத்தீவினது என்று சொல்லலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் கூறியபோதும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற பறவைகளின் குரலைப் போலிசெய்யும் மாக்கிங் பறவைகளில் மட்டும் தீவுக்குத் தீவு வேறுபாடு கண்டு, சீட்டெழுதிக் கட்டினார். குருவிகளையோ எத்தீவில் பிடித்தது என்று குறிக்காமல் ஒன்றாகக் கலந்துவிட்டார். 1837ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் கோல்ட் என்னும் பறவை நூலார் ஆராய்ந்து, இவையெல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த புதிய இனங்கள் என்று கூறிய பின்னரே டார்வின் திகைத்தார். கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும் உடன் வந்தோரும் தாம் பிடித்த குருவிகளுக்குத் தீவின் பெயரை எழுதி வைத்திருந்தனர். அவற்றை நாடியே தம் குறையை ஒருவாறு நிரப்பினார். உலகை மாற்றிய நூல் வெளிவந்தது 1859இல். ஒரு சீட்டு எழுதாமற் போனதற்கு அவர் பட்டபாட்டை, பிள்ளைகளின் செய்முறை ஏட்டில் நாளும் இடமும் எழுதச் சொல்லும்போது எடுத்துக் கூறலாம்.

இவ்விடத்தில் மலாய்த் தீவுக் கூட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1854ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்திறங்கி, புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1855 பிப்ரவரியில் சரவாக்கில் இருந்துகொண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய மற்றோர் இனத்தின் இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் கருத்து. அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, தாம் என்றும் காணாத இந்தக் காலாப்பாகோஸ் தீவுகள்! அவற்றின் உயிரினங்கள் தென்னமெரிக்க உயிர்களை ஒத்தும் வேறுபட்டும் இருப்பதற்கு ஊகமாகக்கூட எவரும் காரணம் கூறவில்லை என்று சுட்டினார். மூன்றாண்டு கழித்து மலுக்குத் தீவுகளிலிருந்து, எரிமலைத் தீவாகிய தெர்னாத்தே என்று தலைப்பில் குறித்து, அவர் டார்வினுக்கு எழுதியனுப்பிய கட்டுரை இயற்கைத் தேர்வையே கூறிற்று. 1858 ஜூலை முதல் நாள் இருவர் கருத்தும் லண்டனில் ஒருங்கே படிக்கப்பட்டன. சரவாக்கில் எழுதிய கட்டுரை நம் பள்ளிகளில் இன்னும் அறிமுகமாகாதிருப்பது வருந்தத்தக்கது.

ஏரிக்கரைப் பாதையில் நின்று திரும்பிப் பார்த்தால் கடற்காலுக்கு அப்பால் பெர்னாந்தினா தெரிகிறது. அங்கே ஆடில்லை, பூனையில்லை, வெளியிலிருந்து வந்த எலியில்லை. நிற்கும் இடமாகிய இசபெலாவில் இவையெல்லாம் கப்பல்களோடும் குடியேறியவர்களோடும் வந்தன. தீவின் தென்பகுதியில் விடப்பட்ட ஆடுகள் பெருகி, கரடுமுரடான பாறை நிலத்தைக் கடந்து வடக்கேறி, அல்செடோ எரிமலையின் சரிவுகளை மொட்டையாக்கின. மரத்திலிருந்து சொட்டும் மூடுபனி நீரையும் நிழலையும் நம்பி வாழ்ந்த பேராமைகள் தவித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலாத் திட்டத்தில் இத்தீவின் வடபகுதியில் மட்டும் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆடுகள், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து, சுடப்பட்டன. கடைசியாக ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க, வானொலிக் கருவி கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டனர். ஆடு கூட்டத்தை நாடும் குணமுடையது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் மறைந்திருந்தவை அகப்பட்டன. இக்கொலை சரியா என்று கேட்பவர்க்கு எளிய விடை இல்லை. ஆடு தானாக வரவில்லை, கொண்டுவந்தவன் மனிதன். ஆயினும் ஆடு போனபின் புதர் தளிர்த்தது என்பதும் உண்மை. பூனையும் எலியும் இன்னும் உள்ளன.

பறவாத நீர்க்காகமும் பாறைப் பொந்தில் முட்டையிடும் பெங்குயினும் கடற்காலின் இரு கரையிலும் வாழ்கின்றன. ஒரு கரையில் பூனையுண்டு, மறுகரையில் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ளது சில கிலோமீட்டர் நீரும், காலணியைக் கழுவிப் பார்க்கும் கப்பலாளின் கண்ணுமே. சினையுற்ற எலி ஒன்று ஒரு படகில் ஒளிந்து சென்றால் போதும். காலையில் பயணிகள் முகம் சுளித்த விதிகளின் காரணம் இதுவே.

பெர்னாந்தினாவின் பேராமை இனம் 1906ஆம் ஆண்டில் பிடிக்கப்பட்ட ஓர் ஆணோடு அழிந்தது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2019 பிப்ரவரியில், குழம்புப் பாறைகளால் சூழப்பட்ட ஒரு சிறு பசுந்திட்டில், வயது முதிர்ந்த பெண் ஆமை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பெர்னாந்தா என்று பெயரிட்டனர். 1906இல் கிடைத்த ஆமையின் மரபணுவோடு ஒப்பிட்டு, இரண்டும் ஓரினமே என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது சாந்தா குரூசு தீவின் ஆமைப் பண்ணையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டது. அதற்கு ஓர் ஆண் துணை தேடிக் குழுக்கள் அப்பாறைக் காட்டிற்குத் திரும்பவும் சென்றன.

மாலை ஆறு மணியளவில், நிலநடுக்கோட்டுக்கு உரியவாறு, பொழுது சட்டென்று சாய்கிறது. கப்பல் நங்கூரத்தை எடுத்து, கடற்குதிரை உருவிலுள்ள இசபெலாவின் தலைப்பகுதியைச் சுற்றி வடக்கே செல்கிறது. உல்ஃப் எரிமலைக்கு அருகே நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது சில கப்பல்களில் சங்கு ஊதுவர். கோட்டிற்கு வடக்கே, தீவின் அந்த நுனியிலும் சில பெங்குயின்கள் உள்ளன. வடபாதி உலகில், விலங்குக் காட்சிசாலைக்கு வெளியே, அப்பறவை வாழும் இடம் அஃது ஒன்றே.